நாலு சக்கரமும் டிரம் பிரேக்: 1974 டாட்சனை இன்றைய சாலையில் தினமும் ஓட்டலாமா?

#1 சிப்புட்_டாட்சன்

வணக்கம். நான் மலேசியா, பேராக் மாநிலம், சுங்கை சிப்புட். கையில் இருப்பது 1974 டாட்சன் 620 பிக்கப். செம்மோரில் காய்கறி வியாபாரம் செய்த ஒரு தௌக்கேயிடம் (முதலாளி) வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. இஞ்சின் அதே ஜே15, 1483 சிசி. நாலு கியர், காபரேட்டர், பாயிண்ட், முன்னால் டோர்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஹேண்ட் பிரேக்கும் டாஷ்போர்டுக்குக் கீழே இழுக்கும் அதே பிடிதான். நான் மாற்றியது ரேடியோவும் டயரும் மட்டும். டயர் 185ஆர்14சி, வேன்காரர்கள் போடுவது.

இவ்வளவு நாளும் ஞாயிற்றுக்கிழமை வண்டியாக வைத்திருந்தேன். பணி ஓய்வு பெற்ற பிறகு ஒரு துண்டு நிலத்தில் வாழையும் கத்தரியும் போட்டிருக்கிறேன். அதனால் இப்போது வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறது. அதில் இரண்டு நாள் ஈப்போவரை.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது இது. கூட்டரசுச் சாலை 1இல் ஈப்போவிலிருந்து திரும்பி வருகிறேன். எழுபதில்தான் போகிறேன். முன்னால் நல்ல இடைவெளி. ஒரு கார் வலப்பக்கமிருந்து வந்து அந்த இடைவெளிக்குள் நுழைந்தது, நுழைந்த உடனே பிரேக் பிடித்தது. அதற்கு முன்னால் சிக்னல் சிவப்பு. நான் மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. இடப்பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் பள்ளிச் சட்டையோடு ஒரு பிள்ளை. ஒரு முழம்தான் இருக்கும். அந்தப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார், போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். "அப்பா, வீட்டு முன்னால நிறுத்தி வைங்க, படம் எடுத்துக்கலாம், ரோட்டுக்கு வேணாம்" என்கிறான். எனக்கும் இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. முன்னால் டிஸ்க் பிரேக் போட்டுவிடலாமா? யாராவது 620க்குப் போட்டிருக்கிறீர்களா? என்ன செலவு? இல்லை, இந்தக் காலத்துச் சாலைக்கு இந்த வண்டி லாயக்கில்லையா?

#2 கம்பத்துப்பையன்

அண்ணே, ஸ்டாக்கைக் கெடுக்காதீங்க! 1974, அதுவும் ஜே15 இஞ்சினோடு ஒரிஜினலாக இன்று எத்தனை இருக்கிறது? டிஸ்க் போட்டால் மதிப்புப் போய்விடும். மெதுவாக ஓட்டுங்கள், அவ்வளவுதான்.

#3 நெடுவழி_டிரெய்லர்

தம்பி, எழுபதில் போனவரைப் போய் மெதுவாக ஓட்டச் சொல்கிறாயே. அதற்கு மேல் மெதுவாகப் போனால் பின்னால் வரும் என்னைப் போன்ற ஆள்தான் பிரச்சினை. நான் பட்டர்வர்த், ஷா ஆலம் லைன் ஓடுகிறேன். முன்னால் ஒரு வண்டி ஐம்பதில் போனால் எனக்குப் பின்னால் இருக்கிற இருபது காரும் பைத்தியம் பிடித்து முந்தும். அதில் ஒன்று முட்டும்.

டாட்சன் அண்ணனுக்கு ஒரு கேள்வி. உங்கள் பிரேக் விளக்கைப் பின்னாலிருந்து பகலில் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் பிரேக்கைப் பற்றி அப்புறம் பேசுவோம். எனக்கு அந்த விளக்கு தெரிகிறதா என்பதுதான் முதல் கவலை.

#4 போமன்_தாத்தா

சிப்புட் தம்பிக்கு வணக்கம். நான் நாற்பது வருடம் பட்டறை வைத்திருந்தவன். முதல் பதினாறு வருடம் தோட்டத்துப் பட்டறை, லோரியும் டிராக்டரும். இப்போது கண் சரியில்லை, கை சரியாக இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

டிஸ்க் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள்: "இடப்பக்கம் இழுத்தது." டிரம் பிரேக் என்பதற்காக எந்த வண்டியும் ஒரு பக்கம் இழுக்காது. 1974இல் அந்த வண்டியை வாங்கியவர் கையை விட்டு மிதித்தாலும் நேராக நின்றிருக்கும். இழுக்கிறது என்றால் ஒரு பக்கம் பிடிக்கிறது, ஒரு பக்கம் பிடிக்கவில்லை. இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிரம்முக்குள் வளைந்த சூவை வீல் பம்ப் வெளியே தள்ளும், சூவின் மேல் இருக்கும் லைனிங் டிரம்மில் உரசித்தான் வண்டி நிற்கும். அந்த வீல் பம்ப் இறுகியிருக்கும், இல்லை லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கும், இல்லை சூ அட்ஜஸ்ட் செய்து வருடக்கணக்காகியிருக்கும். ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே ஓட்டை ஊசி முனை அளவாகியிருக்கும்.

பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? இந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். நம் ஊர் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க வடித்து மாற்ற வேண்டும். தேநீர் நிறத்தில் இருந்தால் நாள் கடந்துவிட்டது. அந்தத் தண்ணீர்தான் பம்புக்குள் துருவாகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடிய வண்டிக்கு இது இன்னும் அதிகம், பிஸ்டன் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் அல்லவா.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் உண்டு. நாங்கள் அந்தக் காலத்தில் வாயாலேயே ஊதினோம், யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஈரத்துணியால் துடையுங்கள், துணியைப் பையில் கட்டிப் போடுங்கள், முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் டிரம்மைக் கடைசல் கடையில் கொடுத்து வட்டம் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர்வரை கடையலாம் என்று பல டிரம்களில் அடித்தே இருக்கும். அதைத் தாண்டியிருந்தால் அது எடைக்குப் போட வேண்டிய இரும்பு. புது சூ போட்டால் அதன் வளைவு டிரம் வளைவோடு பொருந்த வேண்டும். பொருந்தாத சூ நடுவில் மட்டும் தொடும், ஓரம் சும்மா இருக்கும். "டிரம் பிரேக் பிடிக்காது" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பாதி சூவில் ஓட்டுகிறவர்கள்.

மாஸ்டர் பம்பையும் பாருங்கள். ஆயில் கிண்ணம் ஒன்றா, இரண்டு அறையா? ஒரே அறை என்றால் எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் போய்விடும். அப்படி இருந்தால் அதை மட்டும் இரட்டையாக மாற்றச் சொல்வேன். ஸ்டாக், மதிப்பு என்று எது சொன்னாலும் கேட்க மாட்டேன்.

இதையெல்லாம் செய்துவிட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். அதற்கு அப்புறமும் டிஸ்க் வேண்டும் என்றால் பேசலாம்.

#5 கம்பத்துப்பையன்

தாத்தா சொன்னது நான் சொன்னதுதான். ஒரிஜினலாகச் செய்தால் போதும்.

#6 போமன்_தாத்தா

இல்லை தம்பி, நீங்கள் சொன்னது "மெதுவாக ஓட்டு". நான் சொன்னது "கழற்று".

#7 செம்பனை_கிராணி

நான் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அப்பா விட்டுப்போன 1977 ஹைலக்ஸ் என்னிடம் இருக்கிறது, இரண்டாம் தலைமுறை. வேலைக்குத் தினமும் அதில்தான் போகிறேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு லோரி என்று கேட்டவர்கள் இப்போது வீடு மாறும்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

டிரெய்லர் அண்ணன் சொன்ன விளக்கைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் என் பின்பக்கத்தில் ஒருவர் மோதியே இருக்கிறார். தவறு யாருடையது என்று போலீஸ் அறிக்கை சொல்லும், எனக்குத் தெரிந்தது என் பல்பு மினுமினுவென்று எரிந்தது. மழை. சாயங்காலம் ஆறு மணி.

அப்புறம் மீட்டர் வைத்துப் பார்த்தோம். பேட்டரியில் 12.6, பின் விளக்கில் 10.9. நடுவில் காணாமல் போனதெல்லாம் துருப்பிடித்த எர்த். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும் என்று தம்பி கணக்குப் போட்டுக் காட்டினான். ஒரு புது எர்த் வயர், விளக்கிலிருந்து நேராகச் சேஸிக்கு, இடத்தை வெள்ளையாகத் தேய்த்துவிட்டுத் திருகினோம். ஒரு வெள்ளிக்கும் (ரிங்கிட்) குறைவு. பல்பு அதே பழைய பல்பு, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் "எல்இடி போட்டியா?" என்று கேட்டார்.

முன் விளக்குக்கும் அதே கதை. பழைய வண்டியில் மொத்தக் கரண்டும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி வரும். ரிலே வைத்து பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் சுவிட்சும் சூடாகாது, விளக்கும் முழுசாக எரியும். ஏழு அங்குல வட்ட விளக்கு என்றால் எச்4 பல்பு போடும் கூடு கடையில் கிடைக்கிறது. ஆனால் 60 வாட் இரண்டு எரிந்தால் பத்து ஆம்பியர், உங்கள் ஆல்டர்னேட்டர் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆல்டர்னேட்டர் ரொம்பத் தாராளமானது இல்லை.

கேபின் கண்ணாடிக்குப் பின்னால் மேலே ஒரு மூன்றாவது பிரேக் விளக்கு ஒட்டியிருக்கிறேன். பெட்டியில் வாழைத்தார் நிறைந்து இருந்தாலும் அது தெரியும். கழற்றினால் தடம் இருக்காது, கம்பத்துப்பையன் கவலைப்பட வேண்டாம்.

#8 நெடுவழி_டிரெய்லர்

அக்கா, கோடி நன்றி. இதைத்தான் கேட்டேன்.

#9 சிப்புட்_டாட்சன்

எல்லாருக்கும் நன்றி. போமன் ஐயா, ஆயிலைத் திறந்து பார்த்தேன். தேநீர் இல்லை, கோப்பி ஓ, பால் விடாத கறுப்புக் கோப்பி. வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை கழற்றுகிறேன்.

ஆனால் இன்னொரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. பிரேக் நன்றாகவே ஆகட்டும். நான் இடைவெளி விட்டால் அந்த இடைவெளிக்குள் ஒருவர் வருகிறார். மறுபடியும் விட்டால் இன்னொருவர். 1974இல் இந்தச் சாலையில் இவ்வளவு வண்டி இல்லை. என் அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். மஇகா தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வாங்கிய தோட்டம் ஒன்றில்தான் வேலை. சின்ன வயதில் அப்பாவோடு ஈப்போ போயிருக்கிறேன். எதிரே லோரி வந்தால் இருவரும் கை காட்டிக்கொள்வார்கள், அவ்வளவு காலியான சாலை. இன்று காலை ஏழு மணிக்கு மகாத்மா காந்தி கலாசாலைப் பக்கம் போனால் கிளச்சிலேயே கால் மரத்துவிடுகிறது.

#10 நெடுவழி_டிரெய்லர்

இடைவெளி பற்றி நான் சொல்கிறேன், அது என் தொழில்.

90இல் போகும் வண்டி ஒரு வினாடிக்கு 25 மீட்டர் போகிறது. நம் கால் பிரேக்குக்கு வர ஒன்றரை வினாடி என்று வையுங்கள், 37 மீட்டர் சும்மாவே போய்விட்டது. அப்புறம் நல்ல டயரும் ஏபிஎஸ்ஸும் இருக்கும் புதுக் கார் காய்ந்த சாலையில் 40 மீட்டரில் நின்றுவிடும். சுமையோடு, சக்கரம் பூட்டிக்கொள்ளுமோ என்று பயந்து மிதிக்கிற பழைய பிக்கப்புக்கு 60, 65 மீட்டர் ஆகலாம். அந்த வித்தியாசம் ஐந்தாறு கார் நீளம். முன்னால் போகிறவன் புதுக் கார். அவன் நிற்பான், நீங்கள் அவன் காரின் பின்பெட்டிக்குள் நிற்பீர்கள். அதனால் இடைவெளி என்பது உங்கள் வண்டியின் ஓர் உதிரிபாகம் என்று வையுங்கள். அதைக் கழற்றிவிட்டு ஓட்ட முடியாது.

நுழைகிறார்களா? நுழையட்டும். காலை எடுங்கள், மறுபடி இரண்டு மூன்று வினாடி வரட்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வருவதற்குள் பத்துப் பேர் நுழைந்தாலும் நீங்கள் இழப்பது மொத்தமே அரை நிமிடம். நான் பதினெட்டு வருடமாக இந்த அரை நிமிடத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். ஆரம்பத்தில் கோபம் வந்தது, ஹார்ன் அடித்தேன். இப்போது வருவதில்லை. சரி, எப்போதாவது வரும்.

இன்னொன்று. நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்தை ஒட்டிய மலைப்பகுதிக்கு அந்த வண்டியைக் கொண்டு போகாதீர்கள். கொண்டு போயே ஆக வேண்டும் என்றால், இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள். அங்கே வேக வரம்பு 80தான், மற்ற இடம்போல் 110 இல்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகும், சூடானால் இரும்பு விரியும், விரிந்தால் சூவை விட்டு விலகிப் போகும். மிதி கீழே கீழே இறங்கும். டிஸ்க்கில் தட்டு சூடானால் பேடை நோக்கித்தான் தடிக்கும், அதனால் அங்கே அந்தத் தொல்லை குறைவு. டிரம் வேகும் வாடை ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. எனக்கு மறக்கவில்லை.

உங்களுக்குப் பழைய சாலை இருக்கிறது. செம்மோர் வழியாகத் தரையிலேயே போய்விடலாம். மலையே ஏற வேண்டாம்.

#11 சிப்புட்_டாட்சன்

நான் நெடுஞ்சாலையில் அதிகம் போவதில்லை. ஆர்பிஎம் மீட்டர் இல்லாததால் ஒரு நாள் பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். பின் அச்சில் 4.375, நாலாவது கியர் நேரடி. இந்த டயருக்கு 90இல் ஏறக்குறைய 3200 சுற்று. 110இல் 3900க்கு மேல். இஞ்சின் ஓடும், ஆனால் கேபினுக்குள் உட்கார்ந்திருக்கிற நான் செவிடாகிவிடுவேன். 80இல் கதவோரம் இருக்கிற சின்ன முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். ஏர்கோன் இல்லாத வண்டிக்கு அதுதான் ஏர்கோன்.

#12 ஈப்போ_புதுசு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும் (நான் பின்னால் பார்த்துத்தான் நுழைகிறேன்). எனக்கும் ஒரு பழைய பிக்கப் வாங்க ஆசை. கொட்டகையில் கிடந்த ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

#13 செம்பனை_கிராணி

பெயிண்டைப் பார்க்காதீர்கள், படுத்துக் கீழே பாருங்கள். அந்த வண்டி என்ன சுமந்தது என்று கேளுங்கள். காய்கறியா, மரமா, உரமா?

உரம் என்றால் கவனம். செம்பனைக்குப் போடுகிற பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட சகோதரன். மூட்டை கிழிந்து கொட்டுவது மடிப்புக்குள் போய் உட்காரும். நம் ஈரக் காற்றில் தண்ணீரை இழுத்துக்கொண்டு அங்கேயே ஊறும். கடலோரத்தில் ஓடிய வண்டிபோல் ஆகிவிடும், கடலைப் பார்த்தே இருக்காது. எங்கள் தோட்டத்தில் உர வண்டிகளின் பெட்டித் தரை எவ்வளவு சீக்கிரம் போகும் என்று நான் கணக்குப் புத்தகத்தில் பார்க்கிறேன். என் அப்பா உரம் ஏற்றினால் அன்று சாயங்காலமே பெட்டியை இறக்கிவிட்டு அடியில் தண்ணீர் அடிப்பார், இருட்டினாலும் விட மாட்டார். நாங்கள் கிறுக்கு என்று நினைத்தோம். அந்தக் கிறுக்கால்தான் இன்று எனக்கு வண்டி இருக்கிறது.

கேபினையும் பெட்டியையும் தாங்கும் இடம், பட்டை ஸ்பிரிங் சேஸியில் மாட்டும் இடம், கேபின் மூலை, கதவுக்குக் கீழே. சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். "டொக்" என்று வந்தால் புட்டி. காந்தமும் ஒன்று கொண்டு போங்கள், புட்டியில் ஒட்டாது.

#14 போமன்_தாத்தா

அதோடு கிராண்டில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) இருக்கும் சேஸி எண்ணும் இஞ்சின் எண்ணும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பழைய பிக்கப்புகளில் பாதிக்கு நடுவில் யாராவது வேறு இஞ்சின் இறக்கியிருப்பார்கள். மாற்றியதை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதியவில்லை என்றால் பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையில் நின்றுவிடும். சேஸி எண் துருவில் அழிந்திருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

இன்சூரன்சையும் முன்பே கேளுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு முழுக் காப்புறுதி தருவதற்குப் பெரும்பாலும் தயங்குவார்கள், மூன்றாம் தரப்புதான் கிடைக்கும். ஒப்புக்கொண்ட மதிப்பு என்று எழுதிக் கொடுப்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

#15 கம்பத்துப்பையன்

டிஸ்க் விஷயம் அப்படியே நிற்கிறதே. நான் என் நிலையிலிருந்து கொஞ்சம் இறங்கி வருகிறேன். கழற்றிப் பழையதைத் திரும்ப மாட்ட முடியும் என்றால், போடுவதில் தவறில்லை. பழைய பாகங்களை எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்தால் போதுமே?

#16 போமன்_தாத்தா

போடலாம். ஆனால் கடையில் "ஒரு நாளில் முடித்துத் தருகிறேன்" என்று சொன்னால் ஓடி வந்துவிடுங்கள். டிஸ்க்குக்கு அதிக அழுத்தம் வேண்டும், பூஸ்டர் இல்லாவிட்டால் காலுக்கு மலை ஏறின மாதிரி இருக்கும். மாஸ்டர் பம்பின் துவாரம், பேடை டிஸ்க்கில் அழுத்தும் அந்தக் கேலிப்பருக்குப் பொருந்த வேண்டும். டிரம்முக்கு லைனில் கொஞ்சம் அழுத்தம் எப்போதும் நிற்கும்படி ஒரு வால்வு இருக்கும், சுமார் 10 பிஎஸ்ஐ. அதை அப்படியே விட்டு முன்னால் டிஸ்க் மாட்டினால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். அப்புறம் முன்னால் நன்றாகப் பிடித்து, வெறும் பெட்டியோடு பின்னால் சீக்கிரம் பூட்டிக்கொண்டால் வண்டி வால் சுழற்றும். பிக்கப்புக்குச் சுமை இல்லாதபோது பின்பக்கம் பஞ்சு, இதை மறந்து செய்கிறவர்கள்தான் அதிகம்.

என் பட்டறைக்கு ஒரு முறை ஒரு பிக்கப் வந்தது. வேறொரு கடையில் டிஸ்க் போட்டு ஒரு வாரம். வலது முன் ஹோஸ் சக்கரத்தில் உரசிப் பாதி அறுந்திருந்தது. வளைவில் திருப்பும்போது சக்கரம் எவ்வளவு தூரம் போகும் என்று திருப்பிப் பார்க்காமலே மாட்டியிருக்கிறார்கள். அந்த வண்டியின் பழைய டிரம் ஒழுங்காக இருந்திருந்தால் அதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

நன்றாகச் செய்த டிஸ்க், நன்றாகச் செய்த டிரம்மைவிட மேல். அதை நான் மறுக்கவில்லை. மோசமாகச் செய்த டிஸ்க்கைப் பற்றித்தான் பேசுகிறேன்.

#17 ஈப்போ_புதுசு

தாத்தா, பெட்ரோல்? ஈயம் இல்லாத ரோன் 95 இந்த இஞ்சின்களைக் கெடுக்கும் என்கிறார்களே?

#18 போமன்_தாத்தா

இரும்பு ஹெட் உள்ள இஞ்சினில், வால்வு உட்காரும் இடம் ஹெட்டோடு ஒன்றாகவே இருந்தால், நீண்ட தூரம் அதிக வேகத்தில் ஓட்டும்போது தேயும். அலுமினிய ஹெட் என்றால் அங்கே தனியாகக் கடினமான வளையம் வைத்தே ஆக வேண்டும், பெரும்பாலும் பயம் இல்லை. ஒவ்வொரு சர்வீசிலும் வால்வு இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். குறைந்துகொண்டே போனால் தெரிந்துவிடும்.

நெரிசலில் சூடாகி நின்றுபோவதுதான் அதைவிடப் பெரிய தலைவலி. விசிறி இஞ்சினோடு சுற்றுகிறது, இஞ்சின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான். ரேடியேட்டரை உள்ளே சுத்தம் செய்து, விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆட்கள் கைக்கு இடைஞ்சல் என்று கழற்றி எறிந்திருப்பார்கள். அது இல்லாமல் விசிறி தன்னைச் சுற்றி இருக்கிற காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும்.

#19 நெடுவழி_டிரெய்லர்

மழைக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தண்ணீர் தேங்கிய இடத்தைக் கடந்தால் டிரம்முக்குள் தண்ணீர் நிற்கும், அடுத்த மிதிக்குப் பிடிக்காது. கடந்த உடனே, பின்னால் யாரும் இல்லாதபோது, இடது காலால் லேசாகத் தொட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வையுங்கள்.

#20 சிப்புட்_டாட்சன்

கழற்றிவிட்டேன். படம் போடத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஐயா சொன்ன மாதிரியே வலது முன். வீல் பம்பில் பிஸ்டன் அசையவே இல்லை. கட்டையை வைத்துத் தட்டியும் வரவில்லை, கடைசியில் கிரீஸ் பம்பை மாட்டி அழுத்தித்தான் வெளியே தள்ளினோம். உள்ளே பழுப்புச் சேறு. அந்தப் பக்கத்து லைனிங் புதுசுபோல் இருக்கிறது, ஏனென்றால் அது வேலையே செய்யவில்லை. இடது பக்கத்தில் ரிவெட் தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. எத்தனை மாதமாக மூன்று சக்கரத்தில் பிரேக் பிடித்தேனோ. நான் "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று பழகிவிட்டேன். கையும் தானாக வலப்பக்கம் கொஞ்சம் திருப்பியே பிடிக்கப் பழகிவிட்டது.

நாலு வீல் பம்பும் புதிது. மூன்று ஹோஸ். ஆயில் முழுக்க மாற்றியாயிற்று. மாஸ்டர் பம்ப் இரண்டு அறை, நிம்மதி. டிரம்மில் மூன்று கடைசலுக்கு உள்ளேயே வந்தன. ஒன்று அளவைத் தாண்டிவிட்டது, உதிரிப்பொருள் கடையில் தேடி வேறு வாங்கினேன். சூவை வளைவு பார்த்து ஒட்டித் தர ஒரு வயதானவர் இன்னும் ஈப்போவில் இருக்கிறார். டிஸ்க் பேச்சை எடுத்தபோது சிரித்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

நேற்றுக் காலை தோட்டத்துச் சாலையில், யாரும் இல்லாத இடத்தில், ஐம்பதில் போய் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். நேராக நின்றது. திரும்ப மிதித்தேன். நேராக. மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "நான் ஒரு தடவை" என்றான். ஐந்து தடவை செய்தான். கிளச்சை விடத் தெரியாமல் இரண்டு தடவை நிறுத்திவிட்டான், அது வேறு கதை.

இடப்பக்கத்துக் கண்ணாடி முன்னால் பொனட் ஓரத்தில் இருக்கிறது, மோட்டார் சைக்கிள் அதில் எறும்பு அளவுதான் தெரியும். கதவில் ஒன்று கூடுதலாக மாட்டியிருக்கிறேன். கம்பத்துப்பையன் மன்னிக்க வேண்டும். இரண்டு ஓட்டை போட்டேன்.

#21 கம்பத்துப்பையன்

இரண்டு ஓட்டைக்கு மன்னிப்பு உண்டு. மூன்றாவதற்குக் கிடையாது.

#22 செம்பனை_கிராணி

ஓட்டைக்குள்ளே துரு தடுக்கும் பெயிண்ட் தொட்டு வைத்தீர்களா?

பெட்டியில் ஆள் ஏற்றுகிறீர்களா என்று கேட்க நினைத்தேன். ஈப்போ தைப்பூசத்துக்கு, புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ வரும் பாதையில் தண்ணீர்ப் பந்தலுக்குச் சாமான் ஏற்றிக் கொடுப்பேன். ஒவ்வொரு வருடமும் நாலு பிள்ளைகள் பெட்டியில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டார்கள். நாங்கள் சின்ன வயதில் அப்படித்தான் பள்ளிக்கூடம் போனோம், லோரியில் நின்றுகொண்டு. இப்போது நான் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி நின்றுவிடுவேன். அவர்கள் இறங்கினால்தான் கிளம்புவேன்.

#23 சிப்புட்_டாட்சன்

ஏற்றுவதில்லை அக்கா. பேரன் அழுதாலும் முன்னால்தான், பெல்ட்டோடு.

பெயிண்ட் தொட்டேன். விளக்குக்குப் புது எர்த்தும் இழுத்தேன், டிரெய்லர் அண்ணன் கேட்ட பிரேக் விளக்கு இப்போது பகலிலும் தெரிகிறது, மனைவியை மிதிக்கச் சொல்லிவிட்டுச் சாலைவரை நடந்து போய்ப் பார்த்தேன். ஒன்றுதான் பாக்கி. பின் விளக்கின் ரப்பர் கேஸ்கெட் பிய்ந்துவிட்டது, மழைத் தண்ணீர் உள்ளே போகிறது. 620க்கு எங்கேயும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருக்கிறதா?

#24 போமன்_தாத்தா

கடையில் தேடாதீர்கள். லோரி டியூப் பழசு ஒன்று எடுங்கள், சைக்கிள் டியூப் மெல்லியது, அது வேண்டாம். விளக்கைக் காகிதத்தின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, அந்த அச்சில் வெட்டுங்கள். அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை விடுங்கள், உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழி வேண்டும். என்னிடம் டியூப் இருக்கிறது, காகித அச்சை மட்டும் கொண்டு வாருங்கள். காலையில் வாருங்கள், மத்தியானம் மழை பிடித்துக்கொள்கிறது.